டெல்டா கல்லூரிகளில் வேதியியல் ஆய்வகப் பணிக்கு ஒரு படிப்பு வேண்டும்: உயர்கல்வித் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு உயர்கல்வித் துறை அதிகாரிகளுக்கும், எங்கள் பகுதி அரசுக் கல்லூரிகளின் வேதியியல் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை நேராகவே கேட்டுவிடுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களுக்குள் ஏதாவது ஒரு அரசுக் கல்லூரியிலாவது வேதியியல் ஆய்வக டெக்னீஷியன்களுக்கென்று முழுநேரப் படிப்பு ஒன்றைத் தொடங்குங்கள். ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் படிப்பைச் சொல்லவில்லை, அது ஊருக்கு ஊர் இருக்கிறது. நான் கேட்பது மண், தண்ணீர், பால், உப்பு, நெல், உரம், எண்ணெய் இவற்றையெல்லாம் பரிசோதிக்கிறவர்களுக்கான படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு வருடம், பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழக்குவதும் என் பொறுப்புதான். அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்கள், வலங்கைமானிலிருந்தும் திருப்பனந்தாளிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். கரிம வேதியியலில் ஒரு வினை எப்படி நடக்கிறதென்று அம்புக்குறி போட்டு அழகாக விளக்குவார்கள். "0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் தயார் பண்ணுங்கம்மா" என்றால் (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) கை நின்றுவிடுகிறது. இந்தக் குறையை அவர்கள் தலையில் கட்ட முடியாது. அந்த வேலையை அவர்கள் செய்ய யாரும் விட்டதே இல்லை.

பி.எஸ்சி. செய்முறை வகுப்பு எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் உள்ளே வரும்போது மேசையில் எல்லாம் தயாராக இருக்கும், பெரிய பாட்டில்களில் கரைசல் கலக்கி லேபிள் ஒட்டி முன்தினம் மாலையே லேப் அசிஸ்டென்ட் வைத்துவிட்டுப் போயிருப்பார், பிள்ளைகள் பியூரெட்டை நிரப்பி, பிப்பெட்டில் இருபது மில்லி எடுத்து, நிறம் மாறுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, கணக்குப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று வருடமும் இப்படித்தான். அந்தக் கரைசலை யார் கலக்கியது, எதை எடைபோட்டார், செறிவு சரிதானா என்று எதை வைத்துப் பார்த்தார், எத்தனை நாள் தாங்கும், எந்த பாட்டிலில் வைக்க வேண்டும், இது எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனின் நாளில் பெரும் பகுதி இந்த முன்தின மாலை வேலையில்தான் போகிறது. அதாவது, எந்த வேலைக்கு ஆள் தேவையோ அந்த வேலை கல்லூரிக்குள்ளேயே தினமும் நடக்கிறது, மாணவருக்கு மட்டும் அது மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

அந்த அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் எட்டரை மில்லி எடுத்து, முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய குடுவைக்குள் அமிலத்தை விட்டு, லிட்டர் கோடு வரை நிரப்பினால் கிட்டத்தட்ட 0.1 நார்மல் வரும். இந்தக் கிட்டத்தட்ட என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. சோடியம் கார்பனேட்டை உலர்த்தி, ஆறவைத்து, நான்கு தசம இடம் வரை எடைபோட்டு, அதோடு டைட்ரேட் செய்து, அதாவது நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து, உண்மையான செறிவு 0.0987-ஆ 0.1012-ஆ என்று கண்டுபிடித்து பாட்டிலில் தேதியோடு எழுத வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் வேறு தொல்லை. எடைபோடும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், அதனால் எடையை நம்பவே கூடாது. பெர்மாங்கனேட்டைப் பழுப்பு பாட்டிலில் வைத்தாலும் மறுபடி மறுபடி சரிபார்க்க வேண்டும். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, பிள்ளைகள் பரீட்சையில் எழுதியும் இருக்கிறார்கள். கை அறியவில்லை என்பதுதான் என் குறை.

இன்னொன்று இதைவிட எனக்குக் கவலை தருவது. செய்முறைத் தேர்வில் மூன்று முறை டைட்ரேட் செய்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் பழகிப்போயிருக்கிறார்கள். முதல் முறை 20.1, இரண்டாவது 20.3 என்று வந்தால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயந்து, 20.1 என்றே எழுதிவிடுகிறார்கள். உப்பு ஆய்வில், அதாவது கொடுத்த வேதி உப்பு எதுவென்று கண்டுபிடிக்கிற சோதனையில், நிறத்தையும் மணத்தையும் வைத்து முதலிலேயே பெயரை யூகித்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி சோதனைகளைப் பின்னால் நிரப்புகிற பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. இப்படிப் பழகிய ஒருவர் நாளைக்கு ஒரு கிராமத்துக் குடிதண்ணீரைப் பரிசோதிக்கிற மேசையில் உட்காருகிறார். இரண்டு அளவு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதைத் தேட வேண்டும், மூன்றாவது தடவை செய்ய வேண்டும், கருவியைப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத எண்ணை அழித்துவிட்டால் அந்தக் கோளாறு அறிக்கையோடு சேர்ந்து ஊருக்குள் போய்விடும். படிக்கிற காலத்தில் நேர்மையான எண்ணுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரெக்கார்டு நோட்டு விஷயமும் இதே கதைதான். துண்டுக் காகிதத்தில் எழுதி, வீட்டுக்குப் போய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பல நிற மையில் அழகாக நகல் எடுக்கிறார்கள். பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரம் சொல்வது இதற்கு நேரெதிர். அளவு எடுத்த அந்த நேரத்திலேயே, எடுத்த இடத்திலேயே எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் பழைய எண் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, யார் எப்போது மாற்றினார் என்று குறிக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளையிடம் வெள்ளை மையைப் பிடுங்கி வைப்பதுதான் நாங்கள் செய்கிற முதல் காரியம். கல்லூரியில் மூன்று வருடம் ஊறிய பழக்கம் லேசில் போகாது.

சரி, இதெல்லாம் எங்கே தேவைப்படுகிறது, டெல்டாவில் என்ன தொழிற்சாலையா கொட்டிக் கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முன்பு ஒரு கூட்டத்தில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2004 டிசம்பரில் சுனாமி வந்து நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் நின்றபோது, எந்த வயலில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது, எதை மழைநீர் தேக்கிக் கழுவி மீட்கலாம், எதற்கு ஜிப்சம் போட வேண்டும் என்பதையெல்லாம் மண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடிந்தது. 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, தங்கள் நிலமும் நிலத்தடி நீரும் என்ன ஆகுமோ என்றுதான் ஊரே தெருவுக்கு வந்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் யாரை எதிலிருந்து பாதுகாக்கிறது என்ற அரசியல் பேச்சுக்குள் நான் போகவில்லை. ஒரு மண்டலத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதன் மண்ணும் நீரும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன, ஐந்து வருடம் கழித்து எப்படி ஆகின்றன என்று தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கிற கைகள் வேண்டும். அந்தக் கைகள் இந்த ஊர்க் கைகளாக இருந்தால், அறிக்கையை நம்புவதற்கு ஊருக்கும் கொஞ்சம் எளிதாக இருக்கும்.

2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது ஒரு மண் மாதிரியில் பன்னிரண்டு அளவுகள் பார்க்கச் சொன்னார்கள்: தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் பிஹெச் (அமில, காரத் தன்மை), மின்கடத்துத் திறன், கரிமக் கார்பன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, ஒவ்வொரு முறையிலும் தப்பு நடக்கிற இடம் இருக்கிறது. மணிச்சத்து பார்க்கிற கண்ணாடிக் குடுவையை பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளில் கழுவினால் போதும், இல்லாத சத்து இருப்பதாக வந்துவிடும். விவசாயி உரத்தைக் குறைத்துவிடுவார். சம்பா முழுக்கப் பயிர் தூர் கட்டாமல் குட்டையாக நிற்கும். கண்ணாடிச் சாமான் கழுவுவதைக்கூடச் சொல்லித்தர வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். இதை ஏதோ அட்டெண்டர் வேலை என்று ஒதுக்காதீர்கள்.

வேதாரண்யத்துக்கு வாருங்கள். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளைகிற ஊர். அயோடின் சேர்த்த உப்பு சாப்பிடுகிறவர் கைக்கு வரும்போது அதில் குறைந்தது 15 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 15 பங்கு, அயோடின் இருக்க வேண்டும். அதைப் பார்க்கிற முறை எது தெரியுமா? உப்பைக் கரைத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, வெளியாகிற அயோடினை ஸ்டார்ச் வைத்து தயோசல்பேட்டோடு டைட்ரேட் செய்வது. நம் பி.எஸ்சி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் செய்கிற அதே தயோசல்பேட் டைட்ரேஷன்! ஆனால் கல்லூரியில் அதைச் செம்புக் கரைசலோடு செய்துவிட்டு மறந்துவிடுகிறோம், அகஸ்தியம்பள்ளி உப்பை ஒரு பிடி கொண்டுவந்து மேசையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வேதாரண்யத்துப் பிள்ளை, தன் அப்பா அம்மா வேலை பார்க்கிற உப்பளத்துக்கும் தன் கையிலிருக்கும் பியூரெட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறது.

பால் சங்கங்களில் கொழுப்பு பார்க்கிற கெர்பர் முறையும் அப்படித்தான். பத்து மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால், சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்துப் படிக்க வேண்டும். அமிலத்தின் அடர்த்தி கூடினால் பால் கருகும், குறைந்தால் கொழுப்பு முழுசாகப் பிரியாது, இரண்டில் எது நடந்தாலும் மாடு வைத்திருக்கிற அம்மாவுக்குக் காசில் அடி. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் மூட்டை திரும்புகிறது, அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதுகிறது, இதை வருடா வருடம் பார்க்கிறோம். அந்த ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று ஓவனில் நெல்லை உலர்த்தி எடை இழப்பைப் பார்த்து ஒப்பிட்டுச் சரிசெய்ய முடியும், இதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் தாலுகாவுக்கு இருந்தாலே நிறையச் சண்டை தீரும். சீர்காழி, நாகை பக்கம் இறால் குட்டைக்காரர்களுக்கு அம்மோனியா, காரத்தன்மை, உப்புத்தன்மை வாரா வாரம் தெரிய வேண்டும். குடிநீர் வாரியக் கூடங்களும், சர்க்கரை ஆலைக் கூடங்களும், தஞ்சாவூரின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும் இதே பகுதியில்தான் இருக்கின்றன. தொழிற்சாலைப் புகைபோக்கியைத் தேடினால் டெல்டாவில் வேலை கண்ணில் படாது, மாதிரி பாட்டில்களைத் தேடிப் பாருங்கள்.

இந்தப் படிப்புக்குப் புதுச் சட்டமோ புது அமைப்போ தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் பி.வொக். (தொழிற்கல்விப் பட்டப் படிப்பு) திட்டம் 2014-லிருந்து இருக்கிறது. ஒரு வருடத்தில் டிப்ளமோ, இரண்டில் உயர் டிப்ளமோ, மூன்றில் பட்டம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். ஐ.டி.ஐ.யில் வேதி ஆலைகளுக்கான ஆய்வக உதவியாளர் என்று இரண்டு வருடப் பிரிவே தேசிய அளவில் இருக்கிறது, சுத்திகரிப்பு ஆலைகள் அப்ரண்டிஸ் அறிவிப்பில் அந்தப் பிரிவின் பெயரைப் போட்டுக் கேட்கின்றன. அது ஆலையை மனதில் வைத்து எழுதிய பாடம். அதிலிருந்து அடிப்படையை எடுத்துக்கொண்டு, நமக்கு மண், நீர், உணவு என்று மாற்றி எழுதினால் போதும். ஜெர்மனியில் இதே வேலைக்கு மூன்றரை வருடம் பயிற்சி, கொஞ்சம் தொழிற்பள்ளியில், பெரும் பகுதி சம்பளத்தோடு ஆய்வகத்தில். அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், பயிற்சியில் பெரும் பகுதி வேலை நடக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே எங்கள் ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் கவனியுங்கள். மண் மாதிரி எடுக்கத் தோதான காலம் சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற கோடைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் வயலில் இறங்கி மாதிரி எடுக்க முடியாது. அதனால் மண் பரிசோதனைக் கூடங்களில் கோடை மாதங்களில்தான் வேலை நெரியும், ஆள் போதாது. அதே மாதங்களில் கல்லூரிகளுக்கு விடுமுறை, ஆய்வகங்கள் பூட்டிக் கிடக்கும். இந்தப் படிப்பின் களப்பயிற்சியை ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வையுங்கள். பிள்ளைகள் வயலுக்குப் போய், வி வடிவத்தில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டிலிருந்து மண் சீவி எடுத்து, பல இடத்து மண்ணைக் கலந்து கால் பங்காகக் குறைத்து, நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் தட்டி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, பிறகு கூடத்துக்குக் கொண்டுவந்து பரிசோதித்து, கடைசியில் அட்டையை விவசாயி கையில் கொடுத்து விளக்கம் சொல்வது வரை தாங்களே செய்யட்டும். மாதிரி தப்பாக எடுத்தால் எவ்வளவு நல்ல கருவியிலும் தப்பான விடைதான் வரும் என்பதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, வயலில் ஒருமுறை நின்றால் ஏறிவிடும்.

கருவி வாங்கும்போது ஒரு வேண்டுகோள். பெரிய கருவி ஒன்றை வாங்கி ஏ.சி. அறையில் வைத்துப் பூட்டி, ஆய்வுக் குழு வரும்போது மட்டும் திறந்து காட்டுகிற வழக்கம் வேண்டாம். அதே பணத்தில் நல்ல எடைத் தராசு பத்து, பிஹெச் மீட்டர் பத்து, மின்கடத்து மீட்டர் பத்து, கரைசலின் நிற அடர்வை அளக்கிற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இரண்டு, சுடரின் நிறத்தை வைத்துப் பொட்டாசியம் போன்றவற்றை அளக்கிற ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தினமும் தொட வேண்டும். தராசைச் சமன்படுத்தி, சரிபார்க்கும் எடைக்கல்லை வைத்து, பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது பல் துலக்குவது போலப் பழகிவிட வேண்டும். பிஹெச் எலக்ட்ரோடைக் காயவிட்டால் கெட்டுவிடும், டிஸ்டில்டு தண்ணீரில் போட்டு வைத்தாலும் கெட்டுவிடும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை பள்ளி, கல்லூரிகளில் எலக்ட்ரோடுகள் செத்துக் கிடக்கின்றன!

சொல்லிக்கொடுக்க யார் வருவார்கள் என்பது நியாயமான கேள்வி. அரசுக் கூடங்களிலும் தனியார் கூடங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் இந்த நான்கு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பலருக்கு முதுகலைப் பட்டம் இருக்காது, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் இருக்காது, ஆனால் ஒரு கரைசலின் நிறத்தைப் பார்த்தே பஃபர் (பிஹெச் மாறாமல் பிடித்து வைக்கிற கரைசல்) பழசாகிவிட்டதென்று சொல்லிவிடுவார்கள். தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியர் பட்டம் இல்லாமலேயே கற்பிக்க அழைக்க மானியக் குழு 2022-இல் வழி செய்திருக்கிறது. அதில் கேட்கிற தகுதி மேல்மட்ட அதிகாரிகளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது, டெக்னீஷியன்களுக்கு அப்படியே பொருந்தாது. மாநில அளவில் இதற்குத் தனியாக ஓர் ஆணை போட்டு, செய்முறைப் பயிற்றுநர் என்ற பதவியைக் கௌரவமான சம்பளத்தோடு கொடுங்கள். கௌரவ விரிவுரையாளர் மாதிரி வருடா வருடம் தொங்கலில் விடுகிற பதவியாக அது ஆகிவிடக் கூடாது.

தேர்வு முறையையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன 20.1, 20.1, 20.1 இங்கேயும் வந்துவிடும். கடினத்தன்மை இவ்வளவு என்று ஆசிரியருக்கு மட்டும் தெரிந்த தண்ணீரை பாட்டிலில் கொடுங்கள். மாணவரே பஃபர் கலக்கி, கடினத்தன்மையை அளக்கிற இ.டி.டி.ஏ. கரைசல் தயாரித்து, அதன் செறிவைச் சரிபார்த்து, ஒயின் சிவப்பு நீலமாகிற இடத்தைப் பிடித்து விடை சொல்லட்டும். இன்னொரு நாள் அதே தண்ணீரை வேறு எண் போட்டு அவர் அறியாமல் மறுபடி கொடுங்கள். இரண்டு விடையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன, நோட்டில் எல்லாம் இருக்கிறதா, தப்பு நடந்திருந்தால் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். தப்பை எழுதியவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். ஒன்று, வாயால் பிப்பெட்டை உறிஞ்சுகிற பழக்கத்தை நம் கல்லூரிகளில் முற்றாக நிறுத்துங்கள். ரப்பர் பல்பின் விலை ஒன்றுமே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி, பருத்திக் கோட்டு, கண் கழுவும் குழாய், துப்பட்டாவையும் கூந்தலையும் கட்டிக்கொள்கிற ஒழுங்கு, இவையெல்லாம் முதல் நாளிலிருந்தே கட்டாயமாக வேண்டும். இரண்டாவது, கழிவு. டெல்டாவில் எந்தக் கட்டடத்துச் சாக்கடையும் ஏதாவது ஒரு வாய்க்காலில் போய்த்தான் முடிகிறது, அந்த வாய்க்கால் யாருடைய வயலுக்காவது பாய்கிறது. கரிமக் கார்பன் பார்க்க நாம் பயன்படுத்துகிற பொட்டாசியம் டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம், நச்சுப் பொருள். அதைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. தனி டப்பாவில் சேர்த்து, அமில நிலையில் ஃபெரஸ் சல்பேட் போட்டு மூன்று இணைதிறத்துக்கு இறக்கி, பிறகு காரம் சேர்த்து வீழ்படிவாக்கி, அந்தச் சேற்றைத் தனியே ஒப்படைக்க வேண்டும். இதை ஒரு பாடமாகவே வையுங்கள். மண்ணைக் காப்பாற்றப் படிக்கிற பிள்ளை அந்த மண்ணிலேயே குரோமியத்தை விடக் கூடாது அல்லவா.

பள்ளி ஆய்வக உதவியாளர்களையும் மறந்துவிடாதீர்கள். 2015-இல் அரசுப் பள்ளிகளுக்கு 4,362 பேரை எடுக்கத் தேர்வு வைத்தார்கள், கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. வந்தவர்களில் பட்டதாரிகளும் நிறையப் பேர். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அமில பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு அதைக் கையாளும் பயிற்சியை முழுமையாகக் கொடுக்காத ஏற்பாட்டின் மேல்தான் வருத்தம். புதுப் படிப்பு தொடங்குகிற கல்லூரியிலேயே இவர்களுக்கு விடுமுறைக் காலத்தில் சில வாரப் பயிற்சி நடத்தலாம், சம்பளத்தோடு. நல்ல ஆய்வக உதவியாளர் இருக்கிற பள்ளியில் செய்முறை வகுப்பு உயிரோடு இருக்கும், அங்கிருந்துதான் இந்தப் படிப்புக்கும் பிள்ளைகள் வருவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கலை அறிவியல் கல்லூரிகளில் வேதியியல் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள்தான். ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ போய்த் தங்கி வேலை பார்க்க வீட்டில் விடுவதில்லை, விட்டாலும் கல்யாணத்தோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். பிறகு பக்கத்துக் கடையில் பில் போடுகிற வேலை, இல்லையென்றால் தனியார் பள்ளியில் மிகக் குறைந்த சம்பளம். மன்னார்குடியிலிருந்து காலை பஸ் ஏறி மாலை வீடு திரும்புகிற தூரத்தில், மரியாதையான, கையால் செய்கிற, வருடம் ஏற ஏறத் திறமை கூடுகிற வேலை இருந்தால் எத்தனை பேர் நிலைத்து நிற்பார்கள்! நான் பழக்கியவர்களில் மிக நுட்பமான கை ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் மகளுடையது. சில மாதங்களில் எங்கள் எல்லோரையும் விட நெருக்கமான விடை எடுக்க ஆரம்பித்துவிட்டார். கல்லூரியிலேயே இதைக் கற்றிருந்தால் அந்த மாதங்களுக்குப் பயிற்சிச் சம்பளம் என்று பாதிச் சம்பளத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை.

சம்பளம் பற்றியும் நீங்கள் ஏதாவது செய்ய முடியும். அரசுக் கூடங்களில் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும்போது, இந்தப் படிப்பை ஒரு தகுதியாக அறிவித்து அதற்கு ஏற்ற ஊதியம் வையுங்கள். அரசு வைத்தால்தான் தனியாரும் வைப்பார்கள். தகுதிப் பட்டியலில் பெயர் வராத படிப்பை எந்தப் பெற்றோரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், சேர்க்கை இல்லை என்று சொல்லி இரண்டாம் வருடமே மூடிவிடுவீர்கள். சில தொழிற்படிப்புகளுக்கு நடந்தது இதுதான், அது இங்கே நடக்கக் கூடாது.

நான் கேட்பது ஒரு கல்லூரி, ஒரு வகுப்பு, முப்பது இடம். கும்பகோணமோ திருவாரூரோ மயிலாடுதுறையோ, எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தை அவர்களே எழுதி வேகமாகத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். நான் முதல்வன் திட்டத்தில் கணினிப் பயிற்சிகளுக்குக் கிடைக்கிற கவனத்தில் ஒரு பங்கு இந்த மேசைப் பயிற்சிக்கும் கிடைக்கட்டும்.

பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, வேலையில் இருக்கிற டெக்னீஷியன்கள் இரண்டு பேரையாவது உறுப்பினராக அழையுங்கள். ஒருவர் மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து, ஒருவர் குடிநீர் அல்லது பால் கூடத்திலிருந்து. விடுப்பு போட்டுவிட்டு வருவதற்கு எங்களில் பலர் தயார். மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை என் சக பணியாளர்கள் சிலரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், எந்த வாரம் எந்தக் கரைசல், எந்தக் கருவி, எந்த வயல் என்பது வரை. கேட்டால் அனுப்பி வைக்கிறேன், திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் பகுதியிலிருந்து
ஓர் ஆய்வகப் பணியாளர்